காசைப் பிடுங்கும் பூனை உண்டியல்: இரண்டு வருடத்துக்குப் பிறகு

பெட்டிக்குள்ளிருந்து பூனைக்குட்டி எட்டிப் பார்த்துக் காசை இழுத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உண்டியலை எங்காவது பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக்கு அது வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வாங்கிய வாரமே ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். இதன் குணம் தெரிய ஆறு மாதமாவது வேண்டும்.

தட்டில் காசை வைத்தால் அந்த எடையில் கீழே உள்ள சுவிட்ச் அழுந்தும். மோட்டார் ஓடும், மூடி தூக்கும், ஒரு மியாவ், காசு உள்ளே போய்விடும். நம் ஊர்க் காசில்தான் சிக்கல். 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம், 2019 வரிசை 3.09 கிராம்தான். புதுக் காசுக்குப் பூனை பல நேரம் எழுந்திருக்காது, விரலால் அழுத்த வேண்டும். 7.74 கிராம் பத்து ரூபாய் என்றால் உடனே பாயும். "இதுக்குப் பெரிய காசுதான் பிடிக்குதுப்பா" என்பாள் மகள்.

முதல் மாதம் வீட்டில் ஒரு சட்டைப்பையிலும் சில்லறை தங்கவில்லை. ஆனால் சேர்ந்ததா என்றால் இல்லை. அடியில் இருக்கும் மூடியைத் திருகினால் காசு கொட்டிவிடும். பிள்ளைகளுக்கு வேண்டியது பூனையின் கைதானே? அதே காசை எடுத்து, போட்டு, மறுபடி எடுத்து... பேட்டரிதான் தீர்ந்தது. விளையாட்டுச் சாமானாக நான் குறை சொல்ல மாட்டேன். மோட்டார் இன்னும் ஓடுகிறது, விருந்தாளி வீட்டுக் குழந்தைகள் வந்தால் இன்றைக்கும் அதுதான் கதாநாயகன்.

அப்புறம் பெரியவனுக்கு ரகசிய எண் போட்டுத் திறக்கும் ஏடிஎம் உண்டியல் வந்தது. சலவை நோட்டை உருளை அழகாக இழுக்கிறது. கசங்கிய பத்து ரூபாய் பாதியில் மாட்டிக்கொள்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ரகசிய எண் பழையபடி 0000 ஆகிவிடும் என்பதைச் சின்னவள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். பூட்டு என்று அதைச் சொல்வதற்கில்லை.

உண்மையில் காசு தங்கியது திருவிழாக் கடையில் வாங்கிய மண் உண்டியலில்தான். கவிழ்த்துப் பிடித்து ஈர்க்குச்சியால் நெம்பினால் ஒன்றிரண்டு வரும், அதற்கே பொறுமை போய்விடும். முழுதாக வேண்டுமென்றால் உடைக்க வேண்டும். உடைத்தால் வீட்டுக்கே தெரியும். பூனையிடம் இல்லாத பாதுகாப்பு இது. எங்கள் வீட்டில் பொங்கலுக்கு முன்னால் உடைப்பது என்று வைத்திருக்கிறோம்.

எதைப் போடுகிறோம் என்பதிலும் கணக்கு இருக்கிறது. ஆயிரம் ரூபாயைப் புது ஒரு ரூபாயாகச் சேர்த்தால் மூன்று கிலோவைத் தாண்டும். பத்து ரூபாயாக என்றால் முக்கால் கிலோ சொச்சம். இப்போது காய்கறிக் கடையிலும் க்யூஆர் அட்டை தொங்குவதால் மீதிச் சில்லறை கைக்கு வருவதே குறைந்துவிட்டது. அதனால் பத்தும் இருபதும் மட்டும் உண்டியலுக்கு, ஒன்றும் இரண்டும் டவுன் பஸ்ஸுக்கு என்று பிரித்துவிட்டோம்.

பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தியை நம்பி ஒதுக்காதீர்கள். புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. வங்கியில் கட்டுவதாக இருந்தால் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயை நூறு நூறாகப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள், கவுண்டரில் முகம் சுளிப்பது குறையும். எனக்கு அதைவிட வசதி தெருமுனை டீக்கடை. காலையில் சில்லறை இல்லாமல் திண்டாடுகிறவர், எண்ணி வாங்கிக்கொண்டு நோட்டாகவே தருகிறார்.

ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் பூனையை வாங்கலாம். சேமிக்கத்தான் என்றால் மண்ணே போதும். ஆனால் சில மண் உண்டியல்களில் வாய் குறுகலாக இருக்கிறது. 27 மில்லிமீட்டர் அகல இருபது ரூபாய்க் காசு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், நுழைகிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். போன காசுக்காக உண்டியலையும் சேர்த்து வாங்கத்தான் வேண்டியிருக்கும்.