லாம்ப்டா லிமிட்டை உயர்த்தக் கேட்டது: நான்கு வருட அனுபவம்

ஆன்லைன் மாதிரித் தேர்வு நடத்தும் சர்வீஸ் ஒன்றை நான்கு வருடமாக அமேசானின் லாம்ப்டாவில் ஓட்டுகிறோம். சர்வரை நாமே பராமரிக்காமல், கோரிக்கை வரும்போது மட்டும் நம் நிரலை (ஃபங்ஷனை) ஓட்டித் தரும் சேவை அது. ஞாயிறு காலை மட்டும் கூட்டம் நெரியும், மற்ற நாட்களில் ஆளே இருக்காது. இந்த மாதிரி வேலைக்கு லாம்ப்டா நன்றாகப் பொருந்துகிறது. வேறிடம் போகும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆனால் லிமிட் விஷயத்தை ஆரம்பத்திலேயே பார்த்திருக்க வேண்டும். ஒரு ரீஜனில் (அமேசானின் டேட்டா சென்டர்கள் இருக்கும் ஒரு பகுதி) ஒரு கணக்கின் ஃபங்ஷன்கள் எல்லாம் சேர்த்து ஒரே நேரத்தில் 1000 வரை ஓடலாம் என்பது வழக்கமான அளவு. புதுக் கணக்குகளுக்கு அதைவிடக் குறைவாகக் கிடைக்கலாம். மும்பை ரீஜனில் எங்களுக்கு 10தான் இருந்தது, நாங்கள் கவனிக்கவில்லை. ஒத்திகையில் முப்பது பேர் ஒன்றாக விடைத்தாளை அனுப்பியதும், கோரிக்கைகள் அளவை மீறிவிட்டன என்று சொல்லும் 429 பிழை வரிசையாக வந்தது. அமேசானில் லிமிட்டை உயர்த்தக் கேட்கும் சர்வீஸ் கோட்டாஸ் பக்கத்தில் 1000 கேட்டு விண்ணப்பித்தேன். அதற்குக் கட்டணம் இல்லை. எதற்காக என்று கேட்டார்கள், விவரமாக எழுதினேன், மூன்றாம் நாள் கிடைத்துவிட்டது.

அடுத்த முறை கேட்பதற்கு முன் கணக்குப் போட்டேன். விநாடிக்கு வரும் கோரிக்கைகளை, ஒன்றை முடிக்க ஆகும் விநாடிகளால் பெருக்கினால் தேவைப்படும் எண் வந்துவிடும். எங்களுக்கு 400 கோரிக்கை, தலா 3 விநாடி, ஆக 1200. லிமிட்டைத் தாண்டுகிறது. சரி, அந்த 3 விநாடி ஏன் என்று பார்த்தோம். மதிப்பெண் கணக்கிட்டு பிடிஎஃப் உருவாக்குவதற்கு சிபியு போதவில்லை. லாம்ப்டாவில் மெமரியைக் கூட்டினால்தான் சிபியுவும் கூடும். 1769 எம்பி வைத்தால் ஒரு முழு விசிபியு (மெய்நிகர் சிபியு) கிடைக்கும். 512-லிருந்து அதற்கு மாற்றியதும் வேலை ஒரு விநாடிக்குள் முடிந்தது. மெமரி மூன்றரை மடங்கு, நேரம் மூன்றில் ஒரு பங்கு என்பதால் பில்லிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த வருடம் லிமிட்டைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

மாணவர்கள் பெருகிய பிறகு 3000 கேட்டோம். இந்தக் கணக்கையும் முந்தைய ஞாயிறுகளின் கிராஃபையும் சேர்த்து அனுப்பினேன், மறுகேள்வி இல்லாமல் கொடுத்தார்கள். பிரச்சினை எங்கள் பக்கம்தான் வந்தது. ஓடும் ஒவ்வொரு ஃபங்ஷனும் தனக்கென ஒரு டேட்டாபேஸ் இணைப்பைத் திறக்கும். எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில் நாங்கள் வைத்திருந்த உச்சவரம்பு 500 இணைப்பு. அந்த ஞாயிறு டேட்டாபேஸ் படுத்துவிட்டது. பிள்ளைகள் இருபது நிமிடம் காத்திருந்தார்கள். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

இப்போது விடைகள் முதலில் எஸ்க்யூஎஸ் என்ற அமேசானின் செய்தி வரிசையில் சேர்கின்றன. அதிலிருந்து எடுத்து டேட்டாபேஸில் எழுதும் ஃபங்ஷன் ஒரே நேரத்தில் 50-க்கு மேல் ஓடாதபடி, அந்த வரிசை இணைப்பின் அமைப்பிலேயே உச்சவரம்பு வைத்திருக்கிறோம். லிமிட்டால் தடுக்கப்பட்ட கோரிக்கைகளைக் காட்டும் த்ராட்டில்ஸ் எண் ஒன்றைத் தொட்டாலே எனக்கு அலாரம் வரும்.

போன மாதம் மாற்று ஏற்பாடாக ஹைதராபாத் ரீஜனைத் திறந்தோம். லிமிட் ரீஜனுக்கு ரீஜன் தனி என்பதால் அங்கே மறுபடியும் 10. இந்த முறை முதல் நாளே விண்ணப்பித்துவிட்டேன்.