சட்டைப் பை டோசிமீட்டர்: மூன்று வருடம் மாட்டித் திரிந்த பிறகு

கதிர்வீச்சு உள்ள பகுதிக்குள் போகும்போதெல்லாம் மூன்று வருடமாக என் சட்டைப் பையில் தொங்கும் மின்னணு டோசிமீட்டரை, அதாவது என் மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் கருவியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த வகைக் கருவிகளில் பெரிய வித்தியாசம் கிடையாது. உள்ளே ஒரு சின்ன சிலிக்கான் டயோடு, காமா கதிர் (உடம்பையே ஊடுருவிப் போகும் வகை) பட்டால் எண் ஏறும், வைத்த வரம்பைத் தாண்டினால் கத்தும்.

வேலையைச் சரியாகச் செய்கிறது. கூடவே டிஎல்டி பேட்ஜும் (பட்ட கதிர்வீச்சைத் தனக்குள் பதிந்து வைக்கும் சின்ன அட்டை) மாட்டுகிறோம், ஆனால் அதை ஆய்வகத்துக்கு அனுப்பி, சூடாக்கி, வரும் வெளிச்சத்தை அளந்து கணக்கு நம் கைக்கு வருவதற்குள் வாங்கிய டோஸ், அதாவது உடம்பு வாங்கிய கதிர்வீச்சின் அளவு, பழைய கதையாகிவிடும். இது அந்த நிமிஷமே காட்டுகிறது. ஒருமுறை ஒரு வால்வின் மேல் குனிந்திருந்தபோது எண் சரசரவென்று ஏறியது, இரண்டு எட்டு பின்னால் வந்தேன், ஏறுகிற வேகம் படுத்துவிட்டது. தூரம் என்றால் என்ன என்று எந்த வகுப்பிலும் எனக்கு அப்படிப் புரிந்ததில்லை. டிஎல்டி கணக்கோடும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

குறைகள் என்றால், பம்பு ஓடும் அறையில் காதடைப்பான் போட்டுக்கொண்டு நின்றால் இதன் அலாரம் கேட்காது. அதிர்வு உண்டுதான், ஆனால் இரண்டு அடுக்கு உடைக்கு மேலே அதிர்ந்து என்ன பயன்?

சரி, நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, மீட்டர்ல சைபர்தான் இருக்கு, அப்புறம் எதுக்கு இந்த மாஸ்க்?"

தம்பி, இந்தக் கருவிக்கு உன் நுரையீரலைப் பற்றி ஒன்றுமே தெரியாது. புளூட்டோனியம், யுரேனியம் தூசி விடுகிற ஆல்ஃபா துகளை ஒரு காகிதமே நிறுத்திவிடும், அதனால் கருவியின் உறையைத் தாண்டி உள்ளே போகாது, எண்ணும் ஏறாது. அதே தூசியை மூச்சில் இழுத்துவிட்டால் நடுவில் காகிதமும் இல்லை, தோலும் இல்லை. கரையாத வகையாக இருந்தால் நுரையீரலில் வருடக்கணக்கில் தங்கி, பக்கத்தில் உள்ள சில செல்களிலேயே தன் சக்தி முழுவதையும் கொட்டும். அதனால்தான் டோஸ் கணக்கில் ஆல்ஃபாவுக்கு காமாவைப் போல 20 மடங்கு எடை, அதாவது அதே சக்திக்கு 20 மடங்கு கேடு என்று கணக்கு. ரஷ்யாவின் மாயாக் ஆலையில் 1948 முதல் புளூட்டோனியத்தோடு வேலை பார்த்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், நுரையீரலில் சேர்ந்த புளூட்டோனிய டோஸ் கூடக்கூட நுரையீரல் புற்றுநோயும் கூடியது தெளிவாகவே தெரிந்தது. யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ரேடான் வாயு செய்ததும் இதேதான்.

கருவி காட்டுகிற எண் அர்த்தமில்லாதது என்று சொல்லவில்லை. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்காவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அணுசக்தித் தொழிலாளர்களை வைத்துச் செய்த இன்வொர்க்ஸ் ஆய்வின் 2023 முடிவுப்படி, வெளிக்கதிர்வீச்சு 1 கிரே (உடம்பு வாங்கிய கதிர் சக்தியை அளக்கும் அலகு) சேர்ந்தால் திடக்கட்டிப் புற்றுநோயால் (ரத்தப் புற்றுநோய் போலில்லாமல் கட்டியாக வருவது) இறக்கும் விகிதம் சுமார் 52 சதவீதம் கூடுகிறது. பயப்பட வேண்டாம், அவர்களின் சராசரி டோஸே சுமார் 20 மில்லிகிரேதான், அதே விகிதத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட 1 சதவீதம். புகைபிடித்ததால் வந்த கணக்கோ என்று சந்தேகப்பட்டு நுரையீரல் புற்றுநோயை ஒதுக்கிவிட்டும் பார்த்தார்கள், அப்போதும் தொடர்பு மறையவில்லை.

புகை என்றதும் ஞாபகம் வருகிறது. எங்களோடு ஒருவர் இருக்கிறார், மீட்டரில் 0.01 மில்லிசீவர்ட் (கதிரின் கேட்டையும் சேர்த்துக் கணக்கிடும் டோஸ் அலகு) ஏறினாலும் முகம் வாடிவிடும், வெளியே வந்ததும் முதல் வேலையாக சிகரெட்டைப் பற்ற வைப்பார். ரேடானும் புகையும் சேர்ந்தால் ஆபத்து தனித்தனியாகக் கூட்டிப் பார்ப்பதைவிடப் பெரிது என்று பலமுறை சொல்லியாயிற்று, கேட்டபாடில்லை.

ஆகவே இதை வாங்குகிற நிர்வாகமோ மாட்டுகிற நீங்களோ, உள்டோஸ் கணக்கு, அதாவது மூச்சில் உள்ளே போனதால் வரும் டோஸின் கணக்கு, எங்கே என்றும் கேளுங்கள். காற்றின் மாதிரியை எடுத்து அளப்பது, சிறுநீர்ச் சோதனை, முகத்தில் மாஸ்க் இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்ற சோதனை (தாடி வைத்திருந்தால் உட்காராது, மழித்துவிடுங்கள்). வருடத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் என்ற வரம்பு வெளியிலிருந்து வருவதையும் உள்ளே போனதையும் சேர்த்துத்தான், மீட்டர் காட்டுவதற்கு மட்டும் அல்ல.

காமாவுக்கு 5க்கு 4 கொடுக்கிறேன். அந்த ஒன்றைக் கழித்தது கிளிப்புக்காக. ஆறு மாதத்தில் தளர்ந்துவிட்டது, இப்போது கயிறு போட்டுத்தான் மாட்டுகிறேன்.