வெயில் தோட்டத்தில் தேனீக்களுக்காக வைத்த செடிகள்: நாலு வருஷத்துக்குப் பிறகு

வீட்டுக்கு முன்னால் ஒரு துண்டு நிலம். காலை எட்டு மணிக்கு விழுகிற வெயில் சாயங்காலம் நாலு வரை நகராது. அதில் செடி வைக்க ஆரம்பித்தபோது மூன்று விஷயங்கள் எதிர்பார்த்தேன்: வெயிலைத் தாங்க வேண்டும், மாதக்கணக்கில் பூக்க வேண்டும், தேனீ வர வேண்டும். முதல் இரண்டுக்கும் நர்சரியில் பதில் இருந்தது. மூன்றாவதைக் கேட்டபோது, "பூ இருந்தா தேனீ தானா வரும் சார்" என்றார்கள்.

வரவில்லை. முதல் வருஷம் வைத்தவை இட்லிப்பூ, நித்தியகல்யாணி, அடுக்குச் செண்டுமல்லி, சிவப்பு அடுக்குச் செம்பருத்தி. வெயிலில் ஒன்றுகூட வாடவில்லை, பூவுக்கும் குறையில்லை. தேனீ மட்டும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடும். கிட்டப்போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. இட்லிப்பூவுக்கும் நித்தியகல்யாணிக்கும் குழல் நீளமாக, ஊசிபோல் குறுகலாக இருக்கும். பட்டாம்பூச்சிக்கு அடி வரை எட்டும், தேனீயின் நாக்குக்கு எட்டாது. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்களே இதழாக மாறியிருக்கும். அடுக்குச் செண்டுமல்லியில் நடுவே இருக்க வேண்டிய குட்டிப் பூக்களின் இடத்தையெல்லாம் இதழ்கள் பிடித்துக்கொண்டிருக்கும். நமக்கு அடர்த்தி, அதற்குச் சாத்திய கதவு.

நிறமும் ஒரு காரணம். தேனீ ஆராய்ச்சியாளர் கார்ல் வான் ஃபிரிஷ் (1973இல் நோபல் பரிசு பெற்றவர்) நீல அட்டையில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கினால், சாம்பல் அட்டைகளுக்கு நடுவிலும் தேனீக்கள் நீலத்தைச் சரியாகத் தேடிப் போகும் என்று காட்டினார். சிவப்புக்கு அப்படிப் பழக்க முடியவில்லை. கறுப்போடு குழப்பிக்கொண்டன. நம் கண்ணைப் பறிக்கும் சிவப்பு அவற்றுக்கு ஒரு இருட்டு மட்டுமே. இரண்டாம் வருஷம் நீலம், ஊதா, மஞ்சள், வெள்ளை என்று மாறினேன், எல்லாம் ஒற்றை அடுக்கு.

நாலு வருஷத்தில் முதல் மார்க் திருநீற்றுப்பச்சைக்கு. இதை நான் தோட்டச் செடியாகவே நினைத்ததில்லை. விதை போட்டு இரண்டு மாதத்தில் கதிர் விட்டது. கதிர் விட்ட வாரத்திலிருந்து காலை முதல் சாயங்காலம் வரை ஆள் இல்லாத நேரமே கிடையாது. சாதாரணத் தேனீ, வயிற்றில் நீலக் கோடு போட்ட தேனீ, சில நாள் கருவண்டு. கருவண்டு உட்கார்ந்தால் கதிர் தரை வரை வளையும். ஒரே பிரச்சினை, விதை பிடிக்க விட்டால் செடி வேலை முடிந்தது என்று நினைத்துக் காய ஆரம்பிக்கும். அதனால் பாதிக் கதிர் பழுப்பானதும் வெட்டிவிடுவேன். ஒரே நாளில் எல்லாச் செடியையும் வெட்டுவதில்லை, இந்த வாரம் மூன்று, அடுத்த வாரம் மூன்று. இலையே இல்லாத கட்டைத் தண்டு வரை வெட்டினால் துளிர்க்காது. இரண்டு செடிகளை அப்படிக் கொன்றேன். வெட்டிக்கொண்டே இருந்தாலும் ஒரு வருஷத்துக்கு மேல் செடி கட்டை தட்டிவிடும். விதை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது டர்னரா. நர்சரிச் சீட்டில் "வருடம் முழுவதும் பூக்கும்" என்றிருந்தது. அது பொய்யில்லை, ஆனால் பூ காலையில் விரிந்து நடுப்பகலுக்குள் மூடிக்கொள்ளும். முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு அதிலிருந்துதான் உருப்படியான ஒரு விஷயம் பிடிபட்டது: எத்தனை மாதம் பூக்கும் என்று மட்டும் பார்த்தால் போதாது, எத்தனை மணிக்குப் பூக்கும் என்றும் பார்க்க வேண்டும். டர்னரா காலைக்கு. டேபிள் ரோஸ் வெயில் ஏறினால்தான் கண்ணைத் திறக்கும், அது நடுப்பகலுக்கு. மிச்ச நேரத்தைத் திருநீற்றுப்பச்சையும் நீல சால்வியாவும் பார்த்துக்கொள்ளும். டர்னராவில் எறும்பு ஊர்ந்தால் பதற வேண்டாம். இலைக்காம்பில் தேன் சுரக்கும் புள்ளிகள் உண்டு, அதற்காக வருபவை.

காஸ்மாஸ் நன்றாக வரும், உரம் போடாதவரை. மண்ணைச் செழிப்பாக்கினேன், இடுப்பளவு இலை வந்தது, பூ வரவில்லை. சூரியகாந்தி வாங்கும்போது பொக்கேவுக்கான மகரந்தமில்லா ரகமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லாவெண்டர் இரண்டு முறை வேர் அழுகிச் செத்தது. குற்றம் செடியின் மேல் இல்லை, என் ஊர்ப் புழுக்கத்தின் மேல். வறண்ட காற்று உள்ளவர்கள் தாராளமாக வைக்கலாம்.

வருத்தப்படுவது ஒன்றுக்குத்தான்: கொடிரோஸ் (ஆன்டிகோனன், பெயரில்தான் ரோஸ், ரோஜா இல்லை). தேனீ மொய்ப்பதைப் பார்த்து மயங்கி நட்டேன். மண்ணுக்கடியில் கிழங்கு வைத்துக்கொண்டு, வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. பக்கத்துச் சுவரைத் தாண்டியபோது பிடுங்க முடிவெடுத்தேன். இன்னும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

பணம் கொடுக்காமல் வந்தவையும் உண்டு. ஓரத்தில் தானாக முளைத்த தும்பையையும் வெட்டுக்காயப் பூண்டையும் களையாமல் விட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டா, களைக்கா தண்ணி ஊத்துற?" என்றாள். அந்தக் 'களை' எந்தப் பராமரிப்பும் இல்லாமல் பூத்துத் தள்ளுகிறது. ஒரு தடவை கிளம்பினால் தேனீ ஒரு வகைப் பூவையே தேடிப் போகும் என்பதால், எதை வைத்தாலும் ஒன்று ஒன்றாகத் தூவாமல் ஐந்தாறு செடி ஒரே இடத்தில் இருக்கட்டும்.

வாங்கும்போது என்ன மருந்து அடித்தார்கள் என்று கேளுங்கள். இமிடாகுளோபிரிட் வகைப் பூச்சிமருந்து செடிக்குள் ஊடுருவித் தேனிலும் மகரந்தத்திலும் வந்துவிடும், கழுவினால் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இதைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. சந்தேகம் இருந்தால் விதையிலிருந்து வளர்ப்பதே மேல்.

போன வருஷம் ரோஜா இலை ஓரங்களில் நாணயம் வைத்து வெட்டினாற்போல அரைவட்ட ஓட்டைகள். புழு என்று நினைத்து ஒரு நாள் முழுக்கத் தேடினேன். பதினொரு மணி வாக்கில் குட்டியாக ஒரு தேனீ வந்து உட்கார்ந்து, சில நொடிகளில் ஒரு துண்டை நறுக்கி, வயிற்றுக்கடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பறந்தது. இலைவெட்டித் தேனீ, கூட்டறைக்கு உறை போட எடுத்துப் போகிறது. அடுக்கு ரோஜாவால் தேனீக்குப் பயனில்லை என்று அதைப் பிடுங்குவதாக இருந்தேன். இப்போது இலைக்காக விட்டுவைத்திருக்கிறேன்.