தாத்தா வீட்டுக்கு சுண்ணாம்புப் பூச்சு, காரைக்குடி ஆளுங்க வேலை எப்படி?

சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டே ஊர்ல பழைய வீட்டை சரி பண்ணணும்னு நெனைக்கிறவங்களுக்காக எழுதுறேன். எங்க தாத்தா வீடு அறந்தாங்கி பக்கம், நாட்டு ஓடு, திண்ணை, நடுவுல முற்றம். பத்து வருஷம் முன்னாடி ஒரு கான்ட்ராக்டர் பழைய பூச்சைக் கொத்திட்டு சிமெண்ட் பூசிட்டுப் போனாரு, ரெண்டே மழையில ஓதம் ஏறி உப்பு பூத்து கையை வச்சா பொலபொலன்னு உதிர ஆரம்பிச்சுருச்சு. செங்கல் குடிச்ச தண்ணி வெளிய போக சிமெண்ட் வழி விடாதுன்னு அப்ப யாரும் எங்களுக்குச் சொல்லல.

இந்தத் தடவை காரைக்குடி பக்கமிருந்து சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச மேஸ்திரியும் ஆறு பேரும் வந்தாங்க. ஜூன் லீவுக்கு பிள்ளைங்களோட போனப்ப பாதி வேலை முடிஞ்சிருந்துச்சு. கொல்லையில தொட்டி கட்டி சுண்ணாம்பை நீத்து ஊறப்போட்டிருந்தாங்க, பக்கத்து ட்ரம்முல இடிச்ச கடுக்காயும் கருப்பட்டியும் நாள்கணக்கா ஊறி நொரை தள்ளி, புளிச்ச வாடை வாசல் வரைக்கும் வருது, அந்தத் தண்ணிய விட்டுத்தான் சுண்ணாம்பையும் மணலையும் சேர்த்து அரைக்கிறாங்க. ஒரு கோட்டு காஞ்சிருச்சே, அடுத்தது பூசலாமேன்னு மேஸ்திரிகிட்ட கேட்டேன். "தம்பி, இது வெயில்ல காயுறது இல்ல, காத்தை இழுத்துத்தான் கல்லாகும், அவசரப்பட்டா வெடிச்சிரும்"னு சொல்லிட்டு செவுத்துல தண்ணி தெளிச்சுக்கிட்டே இருந்தாரு. கூடத்துக்கு மட்டும் கடைசி கோட்டுல முட்டை வெள்ளக்கரு கலந்து, கூழாங்கல்லால தேய்ச்சு தேய்ச்சு பளபளன்னு ஆக்கிட்டாங்க. கன்னத்தை வச்சா ஜில்லுனு இருக்கு, அவ்ளோ அழகு.

நம்ம சிங்கப்பூர் சென்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல் சர்ச்சு செவுரும் இதே வகைதான், மெட்ராஸ் சுண்ணாம்புன்னு பேரு. 1856லேர்ந்து 1861 வரைக்கும் இந்தியாவுலேர்ந்து கொண்டுவந்த கைதிங்க கட்டினது, சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளக்கரு, சர்க்கரை, தேங்கா மட்டை ஊறின தண்ணி எல்லாம் கலந்த பூச்சு. தினமும் அதுக்குப் பக்கத்துல சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல எறங்கிப் போறவன் நான், மேஸ்திரி கையைப் பார்த்தப்புறம்தான் அந்த செவுத்தை நின்னு பார்த்தேன்.

கொறையும் இருக்கு. அஞ்சு மாசம்னு சொன்னது எட்டு மாசம் ஆச்சு, வாட்ஸ்அப்ல கேட்டா பதிலே வராது, அத்தைக்கு போன் போட்டுத்தான் வேலை எதுவரைக்கும் வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும். நாட்டு ஓடு பத்தலைன்னு எங்களைக் கேக்காமலே சமையக்கட்டு மேல மங்களூர் ஓடு போட்டுட்டாங்க, ரெண்டு ஓடும் சேர்ற எடத்துல ஒழுகுது. இது எனக்கு இன்னும் மனசு ஆறல. ஆனா பூச்சு வேலைக்கு மறுபடியும் இவங்களைத்தான் கூப்புடுவேன், ஓட்டு வேலைக்கு வேற ஆள் பாக்கணும்.

இன்னொண்ணு, இதுமேல எமல்ஷன் பெயின்ட் மட்டும் அடிச்சிராதீங்க, செவுரு மூச்சு விட முடியாது, வெள்ளை அடிக்கிறதுன்னா சுண்ணாம்புலயே அடிங்க. அப்பா ஆசையா ரெண்டு டப்பா வாங்கி வச்சிருந்தாரு, கடையில திருப்பிக் குடுத்துட்டோம்.