வேலூர் தேர்தலுக்குச் சிலேடைத் தலைப்பு: ‘இலை’யா, ‘நோட்டா’வா?

2019 ஏப்ரல் 18-ல் நடக்கவேண்டிய வேலூர் மக்களவைத் தேர்தல், பணப் பறிமுதலால் 2 நாள் முன்பு ரத்தானது. ஆகஸ்டில் நடந்தபோது இரட்டை இலை 8,141 வாக்கில் தோற்றது. இரண்டுக்கும் தலைப்பு எழுதிப் பார்ப்போம்.

தமிழ்ச் சிலேடை: ‘வேலூரில் வெற்றி இலை’. செய்யுளில் ‘இலை’ என்றால் ‘இல்லை’யும்தான். ஆனால் பழைய பேருந்து நிலையத்து டீக்கடையில் தொங்கும் போஸ்டரை ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிப்பவருக்கு இலை ஜெயித்ததாகவே படும். செய்தியே தலைகீழ். அச்சுக்கோப்பவர் இடைவெளியை விட்டுவிட்டாலோ கிட்டத்தட்ட வெற்றிலைதான்!

ஆங்கிலக் கலப்பு: ‘வேலூரைக் கவிழ்த்தது நோட்டா?’ 2013-ல் வந்த நோட்டா ஒன்று. ‘நோட்டு’டன் ‘ஆ’ சேர்ந்த கேள்வி இன்னொன்று. எழுத்தும் ஒலியும் ஒன்றே என்பதால் வாசித்துக் காட்டினாலும் நிற்கும். இந்தச் சிலேடையின் உயிர் ‘?’ குறியில் இருக்கிறது. இடமில்லை என்று அதை வெட்டினால் ரூபாய் நோட்டு மறைந்துவிடும். நோட்டா தேர்தலைக் கவிழ்த்தது என்ற பொய்தான் மிஞ்சும்.

ரத்துச் செய்திக்கு நோட்டாவே மேல். இலையை உள்பக்கக் கட்டுரைக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே நின்று படிப்பார்கள்.