ஓ-வுக்கும் கியூ-வுக்கும் நடுவில் போன 74,990 ரூபாய்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போனா போகுது" என்று நானே சமாதானமாகிவிடுவேன், என் குணம் அப்படி. 74,990 ரூபாய். ஓஎல்இடி (OLED) என்று சொல்லி என் தலையில் ஒரு கியூஎல்இடி (QLED) டிவியைக் கட்டிவிட்டார்கள். பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ரெண்டும் வேறு வேறு திரை வகை. புது டிவி வாங்கப் போகிறவர்கள் கடைசிவரை படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்கணும் என்று கீழே விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் 2011இல் வாங்கிய 42 இன்ச் பிளாஸ்மா டிவி இருந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் அப்பா வாங்கியது. தூக்க ரெண்டு ஆள் வேண்டும், கோடையில் பக்கத்தில் உட்கார்ந்தால் அனல் அடிக்கும், செய்தி சேனலின் லோகோ மூலையில் நிழலாகப் படிந்தே போயிருந்தது. ஆனால் ராத்திரிக் காட்சி வந்தால் இருட்டு இருட்டாகவே தெரியும். மார்கழி பிறந்ததும் அதன் கதை முடிந்தது. 2014 வாக்கிலேயே பெரிய கம்பெனிகள் பிளாஸ்மாவைக் கைவிட்டாச்சு, இனி பார்ட்ஸ் தேட வேண்டாம் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "இதுல மாதிரி கருப்பு கருப்பா தெரியணும்டா."

அந்த டிவியை வாங்கிய அதே கடைக்குத்தான் போனோம். மூணு மாடி வீட்டு உபயோகப் பொருள் ஷோரூம், இங்கே திருச்சியில். அக்கா கல்யாணத்துக்குப் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், எங்கள் வீட்டுக் கிரைண்டர், எல்லாம் அங்கே எடுத்ததுதான். வேறு கடையில் விலை கேட்கக்கூடத் தோன்றவில்லை. அதுதான் நான் செய்த முதல் தப்பு.

விற்பனைப் பையன் நல்ல சுறுசுறுப்பு. அப்பாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான், காபி வரவழைத்தான். பிளாஸ்மா கதையை அப்பா விவரமாகச் சொல்ல, அத்தனையும் பொறுமையாகக் கேட்டான். "அய்யா, நீங்க சொல்றது ஓஎல்இடிலதான் வரும். ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். பின்னாடி லைட்டே கிடையாது" என்றான். அவ்வளவும் உண்மை. பொய்க்காரன் ஒரு உண்மையை இத்தனை அழகாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு 55 இன்ச் டிவி முன்னால் நிறுத்தினான். மயில், எரிமலை, ஆழ்கடல் மீன் என்று கண்ணைப் பறிக்கிற டெமோ வீடியோ. கடை முழுக்க பளீர் வெளிச்சம். மாடல் விவரம் எழுதிய அட்டையை பொங்கல் ஆஃபர் ஸ்டிக்கர் பாதி மறைத்திருந்தது. "ஓஎல்இடி இந்த விலைக்கா?" என்று நான் கேட்காமல் இல்லை. சிரித்தான். "போன செப்டம்பர்ல பெரிய டிவிக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 ஆச்சுல்லண்ணே, அதான். எங்க வீட்லயும் இதே மாடல்தான்." விசிட்டிங் கார்டைத் திருப்பி, OLED என்று டிவி பெயரையும் 74,990 என்ற விலையையும் எழுதிக் கையில் கொடுத்தான். அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் பேங்க் கார்டைத் தேய்த்தேன்.

வரி குறைந்தது நிஜம். ஆனால் 128 ரூபாய்க்கு விற்றது 118 ஆகும், அவ்வளவுதான். நூற்றுக்கு எட்டு ரூபாய்கூட இறங்காது. அதற்குப் பிறகும் ஆன்லைனில் நான் பார்த்த 55 இன்ச் ஓஎல்இடி எல்லாம் லட்சத்துக்கு மேலேதான் இருந்தது. இந்தக் கணக்கைப் பணம் கட்டுவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டியவன், வீட்டுக்கு வந்து போட்டேன்.

போகியன்று சுவரில் மாட்டினார்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் போட்டோம். படம் தொடங்கும்முன் திரை கருப்பாகும் இல்லையா, அங்கேயே தெரிந்துவிட்டது. கருப்பு இல்லை, சாம்பல். நாலு ஓரத்திலும் கதவிடுக்கில் டியூப்லைட் தெரிகிற மாதிரி வெளிச்சம் கசிந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பழசுல இப்படி இருக்காதே" என்றார்.

அக்கா மகன் வந்து அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் சொல்லிவிட்டான். "மாமா, இது ஓ இல்ல, கியூ. கீழ வால் இருக்கு பாருங்க." அந்த வாலைத்தான் நாங்கள் யாரும் பார்க்கவில்லை. கியூஎல்இடி என்பது அடிப்படையில் எல்சிடிதான், அதாவது திரவப் படிகத் திரை. அந்தப் படிகம் தானாக எரியாது. பின்னாலிருந்தோ ஓரத்திலிருந்தோ ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், படிகம் அதைக் கதவு மாதிரி மறைக்கும், திறக்கும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். நடுவில் குவாண்டம் டாட் என்ற, வெளிச்சம் பட்டால் நிறமாக ஒளிர்கிற நுண்துகள்களின் படலம் இருப்பதால் நிறம் தூக்கலாக இருக்கும். குவாண்டம் டாட்டைக் குறை சொல்லவில்லை, அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2023இல் வேதியியல் நோபலே கொடுத்தார்கள். ஆனால் நிறத்தைக் கூட்டுகிற படலம் பின்னால் எரிகிற விளக்கை அணைக்காது. எனக்கு வந்ததோ ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்த ரகம். திரையில் இருட்டான பகுதிக்கு மட்டும் வெளிச்சத்தைக் குறைக்கிற வசதியும் அதில் இல்லை.

இன்னொன்றும் சொல்லணும். அப்பா காலையிலிருந்து ராத்திரி வரை செய்தி சேனல் பார்க்கிறவர். ஓஎல்இடியில் ஒரே பட்டை மணிக்கணக்கில் ஓடினால் அதன் தடம் படிய வாய்ப்பு உண்டு, பிளாஸ்மாவில் லோகோ படிந்த மாதிரி. அந்தப் பையன் இதைச் சொல்லி, "மினி எல்இடி பாருங்கய்யா, பின்னாடி குட்டிக் குட்டி விளக்கு, இருட்டுல பகுதி பகுதியா அணையும்" என்றிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். இன்னும் பத்தாயிரம் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பேன்.

மறுநாள் பெரும் பொங்கல், கடை மூடல். திறந்ததும் போனேன். பையன் "அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். அவன் எழுதிக் கொடுத்த விசிட்டிங் கார்டை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இது ஓ இல்லண்ணே, கியூதான். அவசரத்துல வால் விழல."

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

மேனேஜரிடம் போனால், பெட்டி பிரித்தாகிவிட்டது, கம்பெனியில் பேசுங்கள் என்கிறார். கம்பெனி ஹெல்ப்லைனில், பேனலில் பழுது இல்லை, படம் தரமாகவே இருக்கிறது, விற்றவரிடம் பேசுங்கள் என்கிறார்கள். திரும்ப மேனேஜர். "ஓனர் வெளியூர் போயிருக்கார், திங்கக்கிழமை வாங்க." திங்கள் போனால் புதன். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதுக்கெல்லாம் ரெண்டு நீலக் கோடு, பதில் மட்டும் இல்லை. நேற்று அந்த எண்ணிலிருந்தே ஒரு செய்தி வந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள் என்று.

பில்லை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். "55 யுஎச்டி ஸ்மார்ட் எல்இடி டிவி" என்று இருக்கிறது. ஓவும் இல்லை, கியூவும் இல்லை. 74,990 மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அடியில், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. 1915க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், நேரமில்லை. சுருக்கமாக: கடையில் டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். முழுக் கருப்புத் திரை வீடியோ ஒன்றைப் போட்டு, பக்கத்து விளக்கை அணைக்கச் சொல்லிப் பாருங்கள். ஓஎல்இடி என்றால் டிவி ஓடுவதே தெரியாது. கூச்சப்படாதீர்கள், பணம் உங்களுடையது. பக்கவாட்டில் நின்றும் பாருங்கள், சில பேனலில் நிறம் வெளுக்கும். மாடல் எண்ணைப் போனில் தட்டித் தேடுங்கள். பில்லில் திரை வகையை முழுசாக எழுதச் சொல்லுங்கள், விசிட்டிங் கார்டில் எழுதினால் வேண்டாம்.

ஹெர்ட்ஸ், எச்டிஆர் பற்றியெல்லாம் நாளைக்கு எழுதுகிறேன். ஓனர் வந்துவிட்டாராம், அட்டைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறேன். அப்பா ஹாலில் டியூப்லைட்டைப் போட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்.