விண்டோஸ் 11-இல் பிரவுசர் மாற்றும் வசதி: பாதிக் கிணறு தாண்டியிருக்கிறது

இணைப்பைத் தொட்டதும் தானாகத் திறக்கும் 'டீஃபால்ட்' பிரவுசரை மாற்றுவது, 2021-இல் விண்டோஸ் 11 வந்த புதிதில் படுமோசம். ஹெச்டிஎம்எல் (வலைப்பக்கக் கோப்பு), ஹெச்டிடிபிஎஸ் (வலை இணைப்பு) என ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக பிரவுசரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 2022-இல்தான் ஒரே பட்டன் தந்தார்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் டீஃபால்ட் ஆப்ஸ் போய், பட்டியலில் ஃபயர்பாக்ஸையோ குரோமையோ தொட்டு, மேலே இருக்கும் 'செட் டீஃபால்ட்'டை அழுத்தினால் போதும்.

ஆனால் அந்தப் பட்டன் வலை இணைப்புகளையும் ஹெச்டிஎம்எல் கோப்புகளையும்தான் கவனிக்கும். பிடிஎஃப் பழையபடி மைக்ரோசாஃப்ட்டின் சொந்த பிரவுசரான எட்ஜிலேயே திறக்கும். அதே பக்கத்தில் கீழே இறங்கி அதைத் தனியாக மாற்றுங்கள். விட்ஜெட்டிலும் டாஸ்க்பார் தேடலிலும் வரும் இணைப்புகள் எட்ஜுக்கென்றே உள்ள தனி முகவரி வகையைச் சேர்ந்தவை, நம் தேர்வை மதிப்பதில்லை. ஐரோப்பாவில் மட்டும் பெரிய டெக் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சந்தைச் சட்டத்துக்குப் பயந்து அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அந்த மரியாதை இல்லை!

விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். தேர்வோடு ஒரு ஹாஷ், அதாவது சரிபார்ப்புக் குறியீடு, சேமிக்கப்படுகிறது. அது பொருந்தாவிட்டால் விண்டோஸ் உங்கள் மாற்றத்தைத் தூக்கி எறிந்துவிடும். பெரிய அப்டேட்டுக்குப் பின் அமைப்புப் பணியை முடிக்கச் சொல்லும் திரை வந்தால், படிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். எட்ஜ் அந்த வழியாகத் திரும்பி வரப் பார்க்கும்.